சல்சாக் கோர்வை எங்கே அறுகிறது? சோடியாய் ஆடிப் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அண்ணா, நீங்கள் கையைத் தூக்கேக்க நான் காலை வைச்சு முடிஞ்சுது."

கிளிநொச்சியில் நாங்கள் சில பேர் ஞாயிறு பின்னேரங்களில் கூடிப் பழகும் சல்சா என்ற இலத்தீன் அமெரிக்கச் சோடி நடன வகுப்பில், என்னோடு சோடி சேர்ந்த தங்கச்சி ஒருத்தி சொன்னது இது. ஐந்து எட்டுகள் (ஒரு எட்டு என்றால் 1 முதல் 8 வரை எண்ணும் ஒரு துண்டு) கொண்ட கோர்வை ஒன்றை அந்தக் கிழமை முழுக்க வீட்டு முற்றத்தில் தனியாக ஆடி, வாய்பாடு மாதிரிப் பாடமாக்கிக்கொண்டு போயிருந்தேன். என் பக்கத்தில் ஒரு பிழையும் இல்லை என்றுதான் நினைப்பு. மூன்றாவது எட்டில் அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். என் விரல் அவளுடைய தோட்டில் கொழுவிக்கொண்டது.

சோதனைக்குப் பாடமாக்கி வளர்ந்த ஆட்கள் நாங்கள். கோர்வையையும் அப்படியே விழுங்கப் பார்க்கிறோம். தனியாக ஆடும் பரதத்தில் அது சரிவரும். சல்சாவில் உங்களுக்கு மட்டும் தெரிந்த கோர்வை கோர்வையே இல்லை. அடுத்த எட்டில் என்ன வரப்போகிறது என்பது எதிரே நிற்பவருக்கு உங்கள் கையிலும் நெஞ்சின் திசையிலும் இருந்துதான் தெரியவேண்டும். நான் கண்ட தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வந்தவை.

முதலில் கணக்கு. 1, 2, 3 இல் கால் மாறும். 4 இல் புதிய அடி இல்லை. 5, 6, 7 இல் கால் மாறும். 8 இல் இல்லை. பள்ளிக்கூடத்தில் நடனம் பாடமாக எடுத்தவர்களுக்கு இதைத் 'தகதிமி தகஜொணு' என்று சொன்னால் உடனே பிடிபடும். த, க, தி என்று மூன்று அடி, 'மி'யில் நிறுத்தம். த, க, ஜொ என்று மூன்று அடி, 'ணு'வில் நிறுத்தம். புதிதாய் வருபவர்கள் அந்த 'மி'யை விழுங்கிவிடுவார்கள். கோர்வை நீள நீள அவர்கள் பாட்டுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருப்பார்கள். பாட்டில் மணி மாதிரிக் கேட்கும் கௌபெல்லைக் காதால் பிடியுங்கள். அதன் அழுத்தம் பெரும்பாலும் 1, 3, 5, 7 இல் விழும்.

ஆதிதாளம் போட்டுப் பழகிய காதுக்கு எட்டு புதிதல்ல. அவர்களுக்கு வேறொரு வில்லங்கம் உண்டு: பரதத்தின் தட்டடவு மாதிரித் தரையைக் காலால் அறைவது. சல்சாவில் சத்தம் தேவையில்லை, உடம்பின் பாரம் ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு முழுதாகப் போகவேண்டும். பாரம் இரண்டு காலிலும் பாதி பாதியாக நின்றால் அடுத்து எந்தக் கால் என்று உங்களுக்கும் தெரியாது, கையைப் பிடித்திருப்பவருக்கும் தெரியாது.

இனித் தங்கச்சியின் முறைப்பாட்டுக்கு வருவோம். நாங்கள் ஆடுவது 1 இல் முன்னே போகும் முறை. (நியூயோர்க் பாணியில் திசை மாறும் அடி 2 இலும் 6 இலும் வரும்.) அவள் வலப்பக்கம் சுற்றுவது 5, 6, 7 இல். அப்படியென்றால் 3 இல் என் இடக்கை எழும்பத் தொடங்கி, 4 இன் நிறுத்தத்துக்குள் அவளுக்குச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கவேண்டும். நானோ, "5 இல் சுற்று" என்று பாடமாக்கியவன், 5 இலேயே கையைத் தூக்கினேன். நிமிடத்துக்கு 180 எண்ணிக்கை ஓடும் பாட்டில் ஒரு எண்ணிக்கைக்கு மூன்றில் ஒரு செக்கன்தான். அதற்குள் அவள் நேராகக் காலை வைத்துவிட்டாள். பிழை அவளுடையது மாதிரித் தெரிந்தது, ஆனால் என்னுடையது.

'குரொஸ் பொடி லீட்' என்ற அடிப்படை அசைவிலும் இதே கதைதான். லீட் பண்ணுபவர், அதாவது ஆட்டத்தை வழிநடத்துபவர், 1 இல் இடக்கால் முன்னே, 2 இல் வலக்கால் நின்ற இடத்தில், 3 இல் இடப்பக்கம் திரும்பி எதிரே நிற்கும் சோடிப்பெண்ணின் பாதையை விட்டு விலகவேண்டும். பிறகு 5, 6, 7 இல் அவள் நேர்கோட்டில் கடந்து மற்றப் பக்கம் போவாள். 3 இல் விலகாமல் நின்றுகொண்டு 5 இல் கையால் இழுக்கிறவர்கள்தான் கனபேர். ஒழுங்கைக்குள் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைக் குறுக்கே விட்டுவிட்டு, பின்னால் சைக்கிளில் வருகிறவரை "வா, வா" என்று கூப்பிடுகிற வேலை அது. பெரிய கோர்வைகள் பலவற்றுக்குள் இந்த அசைவு ஒளிந்திருக்கும். இது ஊத்தையாக இருந்தால் மேலே எதைக் கட்டினாலும் சரியும்.

தனித்தனியே ஆடும்போது ஐந்து எட்டும் சரி, சேர்த்தால் உடைகிறது என்பார்கள். உடைவது எட்டுக்குள் அல்ல, பொருத்தில். ஆகவே பொருத்தை மட்டும் ஆடுங்கள்: ஒரு எட்டின் 5 இலிருந்து அடுத்த எட்டின் 3 வரை, திரும்பத் திரும்ப. ஒவ்வொரு எட்டு முடியும்போதும் எந்தக் கை மேலே, எந்தக் கை கீழே என்று நின்று பாருங்கள். வலக்கையோடு வலக்கை, இடக்கையோடு இடக்கை பிடித்த பிடியில் மேல் கீழ் மாறினால், இரண்டு சுற்றுக்குப் பிறகு அவிழ்க்க முடியாத முடிச்சு. இன்னொரு வழி, கடைசி எட்டை முதலில் பழகி, பிறகு நாலும் ஐந்தும், பிறகு மூன்று, நாலு, ஐந்து என்று பின்னிருந்து கட்டுவது. அப்போது ஆட ஆடத் தெரிந்த இடத்துக்குத்தான் போய்ச் சேருவீர்கள். முன்னிருந்து பழகினால் முதல் எட்டு பொன்னாக இருக்கும், கடைசி எட்டு எப்போதும் அரைகுறை.

கைப்பிடியைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே கதைப்பேன். பெருவிரலால் இறுக்கிப் பிடிக்கக் கூடாது. விரல்கள் கொக்கி மாதிரிக் கொழுவியிருந்தால் போதும். சுற்றும்போது அவளுடைய கை உங்கள் விரலுக்குள் உருளவேண்டும். இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டுத்தான் முறுகும். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகும் 'ஹமர்லொக்'கில் அது இடுப்பு மட்டத்திலேயே நிற்கட்டும். மேலே தள்ளினால் தோள்மூட்டு நோகும். "நோகுது" என்ற சொல்லைக் கேட்டால் கோர்வையை அந்த இடத்திலேயே விடுங்கள். பாட்டு முடியும்வரை பொறுத்துக்கொள்ளும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், முகத்தையும் பாருங்கள்.

ஃபொலோ பண்ணுபவர்களின், அதாவது லீட்டைப் பின்தொடர்பவர்களின், தவறு இதன் மறுபக்கம். கோர்வை தெரிந்துவிட்டதால் கை வருமுன்னே சுற்றிவிடுவது. வகுப்பில் அழகாகத் தெரியும், லீட் பண்ணுபவருக்கும் தான் கெட்டிக்காரன் என்ற எண்ணம் வரும். வேறொருவரோடு ஆடும் அன்றைக்கு இருவருடைய வண்டவாளமும் வெளியே வரும். சோதித்துப் பார்க்க ஒரு வழி: லீட் பண்ணுபவர் சொல்லாமல் நாலாவது எட்டை விட்டுவிட்டு வெறும் அடிப்படை அடி ஆடட்டும். அப்போதும் எதிரே நிற்பவர் சுற்றினால், அவர் கையைக் கேட்கவில்லை, நினைவைத்தான் கேட்கிறார்.

ஆகவே சோடி மாறவேண்டும். இது எங்கள் பக்கத்தில் லேசான விஷயமில்லை என்பது தெரியும். ஊர் வாய்க்குப் பயந்து அண்ணனும் தங்கையும், புருசனும் பெண்சாதியும், இரண்டு சிநேகிதிகள் என்று வந்து, வந்த சோடியாகவே வீட்டுக்குப் போகிறார்கள். வற்புறுத்தத் தேவையில்லை. பெண்கள் பெண்களோடும் ஆண்கள் ஆண்களோடும் மாறி ஆடினாலும் பலன் கிடைக்கும், இரண்டு பாகமும் தெரிந்துவிடும் என்பது மேலதிக லாபம். 1950களின் கடைசியில் ஹவானாவில் உருவான 'ருவேடா' வட்ட ஆட்டத்தில், ஒருவர் அசைவின் பெயரைக் கூவ, எல்லோரும் ஒன்றாக ஆடிச் சோடி மாறுவார்கள். பள்ளியில் பின்னல் கோலாட்டம் ஆடியவர்களுக்கு அதன் ருசி புரியும். ஒருவர் பிசகினால் முழுப் பின்னலும் சிக்கும்.

வகுப்பு முடிவில் எல்லோரும் போனில் வீடியோ எடுக்கிறோம், அதில் குற்றமில்லை. ஆனால் அடுத்த ஞாயிறுவரை திறக்காத வீடியோ எதற்கு? எடுத்தால் அன்றிரவே ஒருதரம் பார்த்து, ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு சொல் எழுதுங்கள்: "கடத்தல், சுற்று, பின்கை, அவிழ்ப்பு."

தரையையும் பாருங்கள். சொரசொரப்பான சீமெந்தில் றப்பர் அடிச் சப்பாத்து ஒட்டிக்கொள்ளும். பாதம் நிற்க உடம்பு திரும்பினால் முழங்கால் முறுகும். வழுவழுப்பான அடி உள்ள பழைய சப்பாத்து நல்லது. எங்கள் வெக்கைக்குத் துவாய் ஒன்றும் வேண்டும், வியர்த்த கை வழுக்கும்.

மணிக்கூடு, பெரிய மோதிரம், தொங்கும் தோடு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு ஆடுங்கள். அந்தத் தங்கச்சி இப்போது நான் எழும்பி வருவதைக் கண்டதும் ஒன்றும் சொல்லாமல் தோட்டைக் கழற்றிப் பேர்சுக்குள் போடுகிறாள்.