ஜொராஸ்திரிய மதத்தைப் பிற மதங்களோடு ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொர்க்கம், நரகம், சாத்தான், இறுதித் தீர்ப்பு எல்லாம் பாரசீகர்களிடமிருந்து யூதர்கள் எடுத்துக்கொண்டவை, அங்கிருந்து கிறிஸ்தவத்துக்கும் இஸ்லாத்துக்கும் போனவை என்று அடிக்கடி எழுதுகிறார்கள். பழைய பாரசீகத்தின், அதாவது ஈரானின், மதமான ஜொராஸ்திரியத்துக்குப் பெருமை சேர்ப்பதாக நினைத்துத்தான் பலரும் இப்படி எழுதுகிறார்கள். ஆனால் இப்படிச் சொல்லிச் சொல்லியே, அந்த மதம் தன்னளவில் என்ன சொல்கிறது என்பதை யாரும் கேட்காமல் போய்விட்டது. அதுதான் எனக்கு இருக்கும் பெரிய வருத்தம்.

முதல் தவறு, நூல்களின் காலத்தைப் பார்க்காமல் ஒப்பிடுவது. இந்த மதத்தை நிறுவிய ஜரதுஷ்டிரருடையவை என்று கருதப்படும் காதைகள் 17 பாடல்கள்தான். மிகப் பழையவை, ஆனால் பல நூற்றாண்டுகள் வாய்மொழியாகவே வந்தவை. காதைகள் அடங்கிய புனித நூலான அவெஸ்தா எழுத்தில் ஏறியது, இஸ்லாத்துக்கு முன் ஈரானை ஆண்ட சாசானிய அரசர்கள் காலத்தில். உலக முடிவு, உயிர்த்தெழுதல் பற்றியெல்லாம் விரிவாகப் பேசும் 'புந்தஹிஷ்ன்' போன்ற பஹ்லவி (இடைக்காலப் பாரசீக மொழி) நூல்கள் இன்றைய வடிவம் பெற்றது கி.பி. 9ஆம் நூற்றாண்டு வாக்கில், அதாவது ஈரானுக்கு இஸ்லாம் வந்த பிறகு. அவற்றில் ஒரு வரியை எடுத்து வைத்துக்கொண்டு "பைபிளுக்கு இதுதான் மூலம்" என்று சொன்னால் நிற்காது.

அதற்காக எதிர்ப்பக்கம் சாய்ந்து, பாரசீகத் தாக்கமே இல்லை என்பதும் சரியில்லை. கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கிரேக்கரான தியோபோம்பஸ், மனிதர்கள் மீண்டும் உயிர்பெறுவார்கள் என்று மாகியர்கள் (பாரசீகப் பூசாரிகள்) நம்புவதாக எழுதியதைப் பிற்காலத்தவர் குறித்து வைத்திருக்கிறார்கள். ஆக, அந்த நம்பிக்கை பழையதுதான். யூதர்களின் தோபித்து நூலில் வரும் அஸ்மோதேயு என்ற பேய், அவெஸ்தாவில் கோபத்தின் உருவமாக வரும் 'ஐஷ்ம' என்ற தீய சக்திதான் என்று பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கிறார்கள். யூதர்கள் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பாரசீக ஆட்சியில் வாழ்ந்தார்கள். கருத்துகள் கைமாறாமல் இருந்திருக்க வாய்ப்பில்லை. எது, எப்போது, எந்தத் திசையில் என்பதை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

இது எவ்வளவு சிக்கலானது என்பதற்கு பைபிளில் ஏசாயா நூலின் 45ஆம் அதிகாரம் நல்ல உதாரணம். அதன் 7ஆம் வசனத்தில் கடவுள், ஒளியை உருவாக்குகிறவரும் இருளைப் படைக்கிறவரும் தாமே என்கிறார். நன்மைக்கும் தீமைக்கும் தனித்தனிச் சக்திகள் என்ற இரட்டைக் கொள்கை கொண்ட பாரசீக மதத்துக்கு இது மறுப்பு என்று சிலர் வாசிக்கிறார்கள். இன்னும் சிலர் காதைகளில் ஒன்றான யஸ்ன 44ஐக் காட்டுகிறார்கள். அங்கே ஜரதுஷ்டிரர், ஒளியையும் இருளையும் படைத்தவர் யார் என்று கடவுளான அஹுரா மஸ்தாவிடமே கேட்கிறார். அப்படியானால் ஏசாயா அதை எதிரொலிக்கிறாரா? ஒரே வசனம், நேரெதிரான இரண்டு வாசிப்புகள்.

அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் பாரசீக மன்னர் சைரஸ் ஆண்டவரால் அபிஷேகம் பெற்றவராகச் சொல்லப்படுகிறார். கி.மு. 539இல் பாபிலோனைப் பிடித்து, யூதர்கள் ஊர் திரும்ப வழிவிட்டவர் அவர். உடனே "ஜொராஸ்திரிய அரசர் யூதர்களை விடுவித்தார்" என்று எழுதிவிடுகிறோம். ஆனால் 1879இல் பாபிலோனில் கிடைத்த சைரஸின் களிமண் உருளை, பாபிலோனியத் தெய்வம் மர்துக்கைத்தான் போற்றுகிறது. அஹுரா மஸ்தாவின் பெயரை உரக்கச் சொல்வது பிறகு வந்த பாரசீக மன்னர் டேரியஸின் பெஹிஸ்தூன் கல்வெட்டு. அதிலும்கூட ஜரதுஷ்டிரரின் பெயர் இல்லை. சைரஸின் சொந்த மதம் எது என்பதற்கு நேரடிச் சான்று கிடையாது.

அடுத்தது, மேலோட்டமாக ஒத்துப்போனால் பொருளும் ஒன்று என நினைப்பது. தீய சக்தியான அஹ்ரிமனைச் சாத்தான் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்துவிடுவதில்லை. கிறிஸ்தவத்தின் சாத்தானும் இஸ்லாத்தின் இப்லீஸும் கடவுளால் படைக்கப்பட்டு, பிறகு கீழ்ப்படியாமல் போனவர்கள். பஹ்லவி நூல்களின் அஹ்ரிமனைக் கடவுள் படைக்கவே இல்லை. நரகத்தைப் பாருங்கள், அதுவும் நிரந்தரமில்லை. உலகம் புதுப்பிக்கப்படும் நாளில் உருகிய உலோகம் ஆறாக ஓடும், எல்லா மனிதர்களும் அதில் இறங்கிக் கடக்க வேண்டும் என்கிறது புந்தஹிஷ்ன். நல்லவர்களுக்கு அது வெதுவெதுப்பான பாலில் நடப்பதுபோல் இருக்கும். தீயவர்களுக்கு உருகிய உலோகமாகவே சுடும். ஆனால் கடைசியில் எல்லோரும் தூய்மையடைந்து கரையேறுவார்கள். முடிவில்லாத நரகத்தோடு இதை ஒன்றாக வைத்தால், இந்த மதத்தின் மிக அழகான நம்பிக்கை ஒன்று நம் கண்ணில் படாமலே போய்விடும்.

ஓரிறைக் கொள்கையா, இரட்டைக் கொள்கையா என்ற கேள்விக்கும் ஒரே சொல்லில் பதில் சொல்லாதீர்கள். காதைகளில் வணக்கத்துக்குரியவர் அஹுரா மஸ்தா ஒருவரே, கூடவே நல்லதையும் கெட்டதையும் தேர்ந்தெடுத்த இரட்டை ஆவிகள் வருகின்றன. பஹ்லவி நூல்களில் இரண்டு சக்திகள் நேருக்கு நேர் நிற்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் பம்பாயில் ஜான் வில்சன் என்ற மிஷனரி இதை வைத்து, இந்தியாவின் ஜொராஸ்திரியர்களான பார்சிகளைச் சாடினார். பிறகு புனேயில் இருந்த மார்ட்டின் ஹாக் என்ற ஜெர்மன் அறிஞர், காதைகளைக் காட்டி ஜரதுஷ்டிரர் ஓரிறைக் கொள்கையாளர் என்றார். பார்சிகள் பலர் அதை மனதார ஏற்றார்கள். எந்தக் காலம், யார் சொன்னது என்று சேர்த்துச் சொன்னால் குழப்பம் தீரும்.

நம் பக்கத்தில் அதிகம் கேட்பது தேவர், அசுரர் கதை. ஆரியர்கள் சண்டைபோட்டுப் பிரிந்தார்கள், இங்கே தேவர்களை வணங்கினார்கள், அங்கே அசுரர்களை வணங்கினார்கள் என்பார்கள். ஆனால் ரிக் வேதத்தில் வருணனையே அசுரன் என்று மரியாதையாக அழைக்கிறார்கள். அந்தச் சொல் எதிரியைக் குறிப்பதாக இறுகியது பிற்கால வேத நூல்களில்தான். அவெஸ்தாவில் இந்திரன் தீயவர் பட்டியலில் இருக்கிறான், உண்மைதான். மித்ரனோ போற்றுதலுக்கு உரியவனாகவே இருக்கிறான். சோமம் அங்கே ஹவோமா, யக்ஞம் அங்கே யஸ்ன. இரண்டும் ஒரே பழைய மரபிலிருந்து கிளைத்து, தனித்தனியாக மாறின என்பதற்குச் சான்றுகள் நிறைய. மதப்போர் என்பது வெறும் ஊகம்.

பார்சிகளை "நெருப்பை வணங்குபவர்கள்" என்பதையும் விட்டுவிட வேண்டும். ஆதஷ் பெஹ்ராம் என்ற உயர்நிலை ஆலயத்தின் நெருப்பை, பதினாறு விதமான தீயைத் தனித்தனியே தூய்மைப்படுத்திச் சேர்த்து உருவாக்குகிறார்கள். குயவர் சூளையின் தீ, பொற்கொல்லரின் தீ, மின்னல் விழுந்து பற்றிய தீ, பிணம் எரித்த தீகூட அதில் உண்டு. நாளுக்கு ஐந்து வேளை பூசாரி வாயை வெள்ளைத் துணியால் மூடிக்கொண்டு சந்தனக் கட்டை இடுகிறார். தீய எண்ணம், தீய சொல், தீய செயல் ஒழிக என்று சொல்லி மணியடிக்கிறார். பிரார்த்தனை போய்ச் சேருவது அஹுரா மஸ்தாவிடம். நெருப்பு அவருடைய ஒளியின் அடையாளம். இந்தியாவில் இப்படி எட்டு ஆதஷ் பெஹ்ராம்கள் உள்ளன, ஈரானின் யஸ்தில் ஒன்று. சென்னை ராயபுரத்தில் 1910 முதல் இருக்கும் அக்னி ஆலயம் அளவில் சிறியது.

இன்னும் சில, சுருக்கமாக. ரோமாபுரியில் வணங்கப்பட்ட மித்ராஸ் என்ற தெய்வம் கன்னியிடம் பிறந்தார், பன்னிரண்டு சீடர்கள் இருந்தார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. சிற்பங்களில் அவர் பாறையிலிருந்து பிறக்கிறார். மத்தேயு நற்செய்தியில் வரும் ஞானிகள் மூவர் என்றோ அரசர்கள் என்றோ அதில் இல்லை. மானி என்பவர் தொடங்கிய மதம் வேறு மதம். உடலையும் பொருளுலகையும் தீயதாகப் பார்த்தவர் மானி. ஜொராஸ்திரியர்களுக்கு இந்த உலகம் கடவுளின் நல்ல படைப்பு, துறவுக்கு அங்கே இடமில்லை.

கடைசியாக, "யூத மதம் போலப் பிறப்பால் மட்டுமே சேர முடியும்" என்ற ஒப்பீடு. இது இரண்டு மதங்களைப் பற்றியும் தவறு. யூத மதத்துக்கு மாறுவதற்கு முறையான வழி உண்டு. ஜொராஸ்திரியத்தில் கதவை மூடியிருப்பது இந்தியப் பார்சிகளின் வழக்கம். ஆர்.டி. டாடாவின் பிரெஞ்சு மனைவி, அதாவது ஜே.ஆர்.டி. டாடாவின் அம்மா, மதத்தில் சேர்க்கும் நவ்ஜோத் சடங்கு செய்து மதம் மாறியபோது வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போனது. மதம் பிறரைச் சேர்க்க இடம் தருகிறது, இந்தியப் பார்சி சமூகத்தில் அந்த வழக்கம் இல்லை என்று 1908 தீர்ப்பு இரண்டையும் பிரித்துச் சொன்னது. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 57,264 பார்சிகள். சேர்க்கலாமா என்ற விவாதம் அவர்களுக்குள் இன்னும் சூடாகவே நடக்கிறது.