ஜெர்மனியில் எம்.எஸ். படிக்க ஆசையா? முதலில் உங்கள் சிலபஸைத் தேடி எடுங்கள்

பி.இ. மூன்றாம் வருடம் முடிந்ததுமே 'ஜெர்மனியில் ஃபீஸ் இல்லையாமே' என்று யாராவது ஆரம்பிப்பார்கள். பாதி உண்மை. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது, செமஸ்டருக்கு 100 முதல் 350 யூரோ வரை ஒரு பங்களிப்புத் தொகை மட்டும் கட்டினால் போதும். ஆனால் ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ, ஹைடல்பெர்க் எல்லாம் இருக்கும் பாடன் வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் 2017-லிருந்து நம்மைப் போல ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து போகிறவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து கட்டணம் வாங்குகிறது, முதுகலை என்றால் படிப்பைப் பொறுத்து செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ. 'இலவசம்' என்று நினைத்துப் பட்டியல் போடும் முன் இந்த இரண்டையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, எங்கே அப்ளை செய்வது? தரவரிசையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அங்கே சீட் கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் நீங்கள் இளங்கலையில் என்னென்ன பாடம் படித்தீர்கள் என்பதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு முதுகலைப் படிப்புக்கும் சேர்க்கை விதிமுறை என்று ஓர் ஆவணம் இருக்கும், அதில் 'கணிதத்தில் இத்தனை கிரெடிட், புரோகிராமிங்கில் இத்தனை கிரெடிட் வேண்டும்' என்று எண்ணிக்கையோடு போட்டிருப்பார்கள், அது இல்லையென்றால் 9 சிஜிபிஏ வைத்திருந்தாலும் நிராகரிப்புதான். மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஆன்லைனில் நாலு சான்றிதழ் வாங்கி டேட்டா சயின்ஸுக்குப் போடுகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

அதனால் முதல் வேலை, எட்டு செமஸ்டர் சிலபஸையும் பிடிஎஃப்பாக எடுத்து வைப்பது. டிஏஏடி (வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவும் ஜெர்மன் அமைப்பு) தளத்தில் ஆங்கிலவழிப் படிப்புகளைத் தேடலாம், அங்கிருந்து அந்தந்தப் பல்கலைக்கழகப் பக்கத்துக்கே போய் விதிமுறையைத் திறந்து, ஒரு எக்ஸல் ஷீட்டில் அவர்கள் கேட்கும் பாடம் ஒரு பக்கம், நீங்கள் படித்த பாடம் மறுபக்கம் என்று நிரப்பிப் பாருங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் ஒரு வார இறுதியில் இருபது படிப்புகள் ஏழெட்டாகக் குறைந்துவிடும். அவர்களின் கிரெடிட் கணக்கு வேறு என்பதையும் கவனியுங்கள்: அங்கே முழுநேரப் படிப்பு ஒரு வருடத்துக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட் என்றால் சுமார் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. நம் மார்க் ஷீட்டில் 4 என்று இருப்பது அவர்கள் கணக்கில் 4 அல்ல.

மதிப்பெண்ணையும் அவர்கள் மாற்றித்தான் பார்ப்பார்கள். பவேரியன் ஃபார்முலா என்று பெயர். அதிகபட்ச மதிப்பெண்ணில் உங்கள் மதிப்பெண்ணைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். 10-க்கு 8 எடுத்தவருக்கு, தேர்ச்சிப் புள்ளி 5 என்றால் 2.2 வரும், தேர்ச்சிப் புள்ளி 6 என்றால் அதே 8-க்கு 2.5. அங்கே எண் குறையக் குறையத்தான் நல்லது, பல படிப்புகள் 2.5-லேயே கோடு போட்டுவிடுகின்றன. எனவே மார்க் ஷீட்டின் பின்பக்கம் தேர்ச்சிக்கு என்ன அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். அது தெளிவாக இல்லாவிட்டால், கல்லூரியில் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது காலக்கணக்கு. குளிர்கால செமஸ்டர் அக்டோபரில் தொடங்கும். ஜூலை 15 கடைசி நாள் என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள், ஆனால் வெளிநாட்டு மாணவர்களுக்கான ஆங்கிலவழிப் படிப்புகள் பல மார்ச்சிலிருந்து மே மாதத்துக்குள்ளேயே கதவைச் சாத்திவிடும். அங்கிருந்து பின்னால் எண்ணிக்கொண்டு வந்தால் முந்தைய வருடம் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே வேலையை ஆரம்பிக்க வேண்டும்.

முதலில் ஏபிஎஸ் சான்றிதழ். இந்திய மாணவர்களின் கல்விச் சான்றுகள் அசல்தானா என்று டெல்லியில் உள்ள அலுவலகம் சரிபார்த்துத் தருவது. 2022 நவம்பரிலிருந்து மாணவர் விசாவுக்கு இது கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய். கூட்டம் அதிகமான மாதங்களில் இழுக்கும் என்பதால் இதை முதலில் அனுப்பிவிட்டு மற்றதைப் பாருங்கள். அப்புறம் யூனி-அசிஸ்ட். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தை இதன் வழியாகத்தான் வாங்குகின்றன, ஒரு செமஸ்டரில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. அவர்கள் சரிபார்க்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், கடைசி நாளில் அப்லோட் செய்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு: இனிஷியல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியலோடு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகக் குடும்பப் பெயர் என்ற இடத்தில், பட்டச் சான்றிதழில் இனிஷியல் பின்னால். மூன்றும் ஒரே ஆள்தான் என்பது நமக்குத் தெரியும், ஜெர்மன் அலுவலருக்குத் தெரியாது. இப்போதே எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எழுத்து மாறியிருந்தால் திருத்தவோ நோட்டரி அஃபிடவிட் வாங்கவோ ஏற்பாடு செய்யுங்கள். அங்கே போனதும் எல்லாரும் உங்களை அப்பா பெயரில்தான் கூப்பிடுவார்கள், அதற்கும் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

பணம்தான் பெரிய விஷயம். விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்ட்டில், அதாவது மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்க விடும் கணக்கில், ஒரு வருடச் செலவைப் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோ ஆனது, பத்து லட்சம் ரூபாயைத் தாராளமாகத் தாண்டும். அது உங்கள் பணம்தான், அங்கே போனபின் மாதம் 992 யூரோவாகத் திரும்ப வரும். தொகை அவ்வப்போது உயர்வதால் கட்டும் சமயத்தில் ஜெர்மன் தூதரகப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். கல்விக் கடன் வாங்குவதாக இருந்தால், ஏழரை லட்சத்துக்கு மேல் போனதும் அரசு வங்கிகள் பொதுவாக அடமானம் கேட்கும். அதற்கு மூலப் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், பட்டா எல்லாம் வேண்டும், பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும் வீடுகளில் அதை மாற்றுவதற்கே மாதக்கணக்கில் ஆகிவிடும். அட்மிஷன் லெட்டர் வந்தபின் தாலுகா ஆபீஸுக்கு நடக்க ஆரம்பித்தால் விசாவுக்கு நேரம் இருக்காது. இந்த வேலையை அப்பா அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

கன்சல்டன்சிக்குப் போகலாமா? ஃபார்ம் நிரப்ப பயமாக இருந்தால் போங்கள். ஆனால் 'ஒரு ரூபாய் வேண்டாம், எல்லாம் ஃப்ரீ' என்று சொல்கிற இடத்தில் அவர்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். பெரும்பாலும் மாணவரைச் சேர்த்துவிட்டால் கமிஷன் தரும் தனியார் பல்கலைக்கழகங்களிலிருந்துதான். உங்கள் சிஜிபிஏவைப் பார்த்ததும் உடனே பெர்லினில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னால், அரசுப் பல்கலைக்கழகப் பட்டியலையும் கேளுங்கள். இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று சொல்லும் மோட்டிவேஷன் லெட்டரையும் அவர்களிடம் விடாதீர்கள். 'சிறுவயதிலிருந்தே இயந்திரங்கள் மீது ஆர்வம்' என்ற வரி ஆயிரம் கடிதங்களில் இருக்கும். இந்தப் படிப்பில் இந்த இரண்டு பாடம், என் கடைசி வருட புராஜெக்ட்டில் நான் இந்த இடத்தில் நின்றேன், இதற்கு மேல் தெரிய வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள், போதும்.

படிப்பு ஆங்கிலத்தில் என்பதால் ஜெர்மன் வேண்டாம் என்று நினைக்காதீர்கள். வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம் என்பது சட்டம், ஆனால் வேலை கொடுக்கிறவர் ஜெர்மனில் பேசுவார். படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள், அதுவும் மொழி இல்லாமல் சீக்கிரம் ஓடிவிடும். சென்னையில் கோதே இன்ஸ்டிட்யூட் இருக்கிறது, கிளம்பும் முன் ஏ2 (மொழியின் இரண்டாவது அடிப்படை நிலை) வரையாவது முடித்துவிடுங்கள்.

அட்மிஷன் வந்த அன்றே விசாவுக்கு அப்பாயின்ட்மென்ட் தேடுங்கள், அதே நாளில் மாணவர் விடுதிக்கும் விண்ணப்பியுங்கள். விடுதியில் காத்திருப்போர் பட்டியல் நீளம். வெளியே அறை தேடும்போது, வீட்டைக் காட்டாமல் 'முன்பணம் அனுப்பு, சாவி கூரியரில் வரும்' என்கிறவர் யாராக இருந்தாலும் ஏமாற்றுக்காரர்தான். குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், அதற்கு வீட்டு உரிமையாளரின் கையெழுத்திட்ட படிவம் தேவை, அதைத் தர மாட்டேன் என்கிற அறையை எடுக்காதீர்கள். பிளாக்டு அக்கவுண்ட் பணம் உடனே கைக்கு வராது, அங்கே வங்கிக் கணக்கு திறந்தபின்தான் வரும். முதல் மாத வாடகை, அட்வான்ஸ், சாப்பாட்டுச் செலவுக்கு ஃபாரெக்ஸ் கார்டில் தனியாகப் பணம் வைத்துக்கொண்டு விமானம் ஏறுங்கள்.