மேப்பிள்தார்ப் படத்த பாத்து லைட்டிங் பழகுறது எப்படி

ராபர்ட் மேப்பிள்தார்ப்ங்கிற அமெரிக்க போட்டோகிராஃபர தேடுனா முதல்ல வர்றது சர்ச்சைதான். 1989ல வாஷிங்டன் கார்கரன் கேலரி அவரோட ஷோவ திறக்குறதுக்கு முன்னாடியே கேன்சல் பண்ணுச்சு, அடுத்த வருஷம் சின்சினாட்டில அதே ஷோவ வச்ச மியூசியத்து மேலயும் அதோட டைரக்டர் மேலயும் ஆபாச கேஸ் போட்டாங்க, கடைசில ஜூரி விடுதலை பண்ணிடுச்சு. மனுஷன் இதெல்லாம் பாக்கவே இல்ல, 1989 மார்ச்லயே எய்ட்ஸ்ல 42 வயசுல போய்ட்டாரு. இந்தக் கதை தெரியணும், ஆனா இதுலயே நின்னுட்டா போட்டோ எடுக்க வராது.

அவரோட எக்ஸ், ஒய், இசட்னு மூணு போர்ட்ஃபோலியோ (படத் தொகுப்பு) இருக்கு. எக்ஸ்ல ஊரையே கொதிக்க வச்ச செக்ஸ் படங்க, ஒய்ல பூ, இசட்ல கறுப்பின ஆண்களோட உடம்பு. மூணுலயும் ஒவ்வொண்ண எடுத்து பக்கத்து பக்கத்துல வச்சு பாருங்க. என்ன இருக்குன்னு பாக்காம நிழல் எங்க விழுது, வெளிச்சம் எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு மட்டும் பாருங்க, மூணுக்கும் ஒரே கவனம், ஒரே குளிர்ச்சி. எனக்கு கேட்டா பெரிய விஷமமே அந்தப் பூ படங்கதான்.

அதனால நீங்களும் பூவுலயே ஆரம்பிங்க. அவரு எடுத்த காலா லில்லிய தேடி அலைய வேணாம், மயிலாப்பூர் மாட வீதில தாமரை மொட்டு வாங்குங்க, "இதழ மடிக்காம அப்படியே குடுங்கக்கா"ன்னு முன்னாடியே சொல்லிடணும், இல்லன்னா பேசிட்டு இருக்கும்போதே மடிச்சு முடிச்சிருப்பாங்க. காலைலயே எடுத்துடுங்க, நம்மூரு வெயிலுக்கு மதியத்துக்குள்ள வாடிடும். தண்ணி தெளிக்காதீங்க, காலண்டர் படம் ஆயிடும்.

கறுப்பு சார்ட் பேப்பர பூவுக்கு ரெண்டு மூணு அடி பின்னாடி ஒட்டுங்க, ரொம்ப ஒட்டி வச்சா பேப்பரும் வெளுத்துடும். டியூப் லைட்ட அணைச்சிட்டு ஒரே ஒரு ஜன்னல மட்டும் திறங்க, நேர் வெயில் அடிச்சா பழைய வெள்ளை வேட்டிய கட்டி விடுங்க. ஃபேனையும் ஆஃப் பண்ணிடுங்க, வேர்த்து ஊத்தும், வேற வழியில்ல. எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் துண்டு வச்சா நிழல் கொஞ்சம் தெளியும். போன்ல சதுரம், பிளாக் அண்ட் ஒயிட் போட்டுக்கோங்க (அவரும் முதல்ல உடனே படம் வர்ற போலராய்டு கேமராலதான் எடுத்தாரு, அப்புறம்தான் சதுரமா படம் எடுக்குற ஹாசல்பிளாடு கேமரா), பூவுல ரொம்ப வெளிச்சமான இடத்த தொட்டு, பேக்ரவுண்டு இருட்டுல முழுகுற வரைக்கும் எக்ஸ்போஷர (படத்தோட வெளிச்ச அளவ) கொறைங்க.

அடுத்தது உடம்பு. ஃப்ரெண்ட கூப்பிடுறதுக்கு முன்னாடி எழும்பூர் மியூசியத்துல சோழர் வெண்கலச் சிலைங்கள ஒரு நாள் நின்னு பாத்துட்டு வாங்க, தோள்ல இருந்து இடுப்பு வரைக்கும் வெளிச்சம் எப்படி வழுக்கிட்டு இறங்குதுன்னு. மேப்பிள்தார்ப் ஆளுங்கள சிலை மாதிரிதான் நிக்க வச்சாரு, கடைசி காலத்துல நிஜமாவே சிலைங்கள எடுத்தாரு.

இங்கதான் அவர்கிட்ட கத்துக்கக் கூடாததும் இருக்கு. 1980ல எடுத்த ஒரு ஃபேமஸ் படத்துல கோட் சூட் போட்ட கறுப்பின ஆளுக்கு தலையே இல்ல, ஃபிரேம்ல வெட்டிட்டாரு. கறுப்பின ஆண்கள வெறும் உடம்பா ஆக்கிட்டாருன்னு அப்பவே திட்டு விழுந்துச்சு, க்ளென் லைகன்ங்கிற ஆர்ட்டிஸ்ட், மேப்பிள்தார்ப் கறுப்பின ஆண்கள எடுத்த படங்களோட புத்தகமான பிளாக் புக் பக்கங்கள சுவத்துல மாட்டி, நடுவுல பல பேரு சொன்ன கருத்துகளையும் வரிசையா வச்சே ஒரு வொர்க் பண்ணாரு. இத நம்ம ஊருக்கு வச்சு யோசிங்க, காசிமேட்டுக்கு விடியக்காலைல போயி வலை இழுக்குறவர் முதுக மட்டும் கறுப்பு வெள்ளைல எடுத்து ஃபைன் ஆர்ட்னு போடுறோம்ல, அதுல அவரு பேரு எங்க இருக்கு? தலைய வெட்டுறதா இருந்தா ஏன்னு உங்களுக்கு பதில் தெரிஞ்சிருக்கணும். எடுத்தத அவர்கிட்ட காட்டுங்க, எங்க போடப் போறீங்கன்னு சொல்லுங்க, வேணாம்னாருன்னா அவரு கண்ணு முன்னாடியே டெலீட் பண்ணிடுங்க. துணியில்லாம எடுக்குற படம்னா சம்மதத்த எழுதியே வாங்கிக்கோங்க.