ராஜபார்ட் கட்டுகிறீர்களா? முதலில் கட்டையைக் குறையுங்கள்

காசிமேட்டில் ஒரு ஆடித் திருவிழா. ‘வள்ளி திருமணம்’ நாடகம், ராஜபார்ட்டில், அதாவது கதாநாயக வேஷத்தில், நான்தான் வேலன். ஒத்திகையில் 4 கட்டையில் பாடியவன் (கட்டை என்பது சுருதியின் உயரம்; எண் ஏறினால் குரலும் ஏற வேண்டும்), கூட்டத்தைப் பார்த்ததும் ஆர்மோனியக்காரரிடம், “அண்ணே, அஞ்சுல வைங்க” என்றேன். அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு வைத்தார். வேலனும் வள்ளியும் பாட்டாலேயே வாதாடும் தர்க்கம் சூடுபிடிக்கும்போது மேல் சட்ஜமத்தில், அதாவது மேல் ‘ஸ’வில், குரல் பிசிறடித்தது. பபூன்தான் அதை ஒரு தமாஷாக்கி என் மானத்தைக் காப்பாற்றினார்.

நம் ஆட்கள் செய்யும் பெரிய தப்பு இதுதான்: கட்டையை வீரமாக நினைப்பது. அந்தக் கால நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா உச்ச சுருதியில் பாடிப் பேர் வாங்கினார் என்றால், அது மைக்கை நம்பாத காலம். சென்னை வால்டாக்ஸ் ரோடு ஒற்றைவாடை நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்டாக வேண்டும். எடுப்பான குரல்தான் அவ்வளவு தூரம் போகும். 1933இல் அவர் மறைந்தபோது வயது 27தான். இன்று நம் மூக்குக்கு நேரே மைக் நிற்கிறது. 4 கட்டையில் ஆண் குரலின் மேல் சட்ஜமத்துக்கே குரல் நாண்கள் விநாடிக்குச் சுமார் 350 தடவை மோதிக்கொள்கின்றன. 5 கட்டை என்றால் 390ஐத் தாண்டும். விடிய விடிய அந்த அடியைத் தாங்க வேண்டியது உங்கள் தொண்டை.

கட்டையைத் தேர்ந்தெடுக்க நான் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. உங்கள் பாட்டிலேயே உச்சமான இடத்தைச் சத்தம் குறைத்து, மெதுவாக மூன்று தடவை பாடுங்கள். கத்தினால்தான் அந்த ஸ்வரம் வருகிறது என்றால், அது உங்கள் கட்டை இல்லை. அரைக் கட்டை இறக்குங்கள்.

பாட்டைவிட வசனம்தான் தொண்டையைக் கெடுக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. சுருதியோடு அழகாகப் பாடிவிட்டு, “அடி பெண்ணே!” என்று அடித்தொண்டையில் கர்ஜிப்பார்கள். ஆர்மோனியம் விட்ட சுருதியிலேயே வசனத்தையும் எடுங்கள். காதுக்கும் நன்றாக இருக்கும்.

ஜனங்களின் இரைச்சலுக்கு மேலே போகக் குரலை ஏற்றுவதும் கூடாது. நம் குரல் நமக்கே கேட்காவிட்டால் தானாகவே கத்த ஆரம்பித்துவிடுவோம். சவுண்டு சர்வீஸ் தம்பியிடம் சொல்லி ஒரு பெட்டியை மேடைப் பக்கம் திருப்பி வையுங்கள். வேஷம் கட்டும்போது மூச்சை நன்றாக இழுத்து நிறுத்தி, விலா விரிந்த நிலையில் இடுப்புக் கச்சையைக் கட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் பாட்டின் நீண்ட அடிக்கு மூச்சு பற்றாது.

பனங்கற்கண்டும் மிளகும் இதமாக இருக்கும், குறை சொல்லவில்லை. ஆனால் விழுங்குவது எதுவும் குரல் நாணைத் தொடுவதில்லை. அது உணவுக்குழாயில் போய்விடும். அதனால் மேடைக்குப் பின்னால் மடக்கு மடக்காகக் குடிப்பதைவிட, மதியத்திலிருந்தே தண்ணீர் குடித்து வருவதுதான் பலன் தரும். குளிர்ச்சி மிட்டாயிலும் ஜாக்கிரதை. வலி மரத்துப்போய், புண்ணான தொண்டையிலேயே பாடிக்கொண்டிருப்பீர்கள்.

அடிக்கடி கனைக்காதீர்கள், எச்சிலை விழுங்குங்கள். கம்மிய குரலோடு கிசுகிசுப்பதும் நாண்களை இறுக்கும். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருப்பதே உத்தமம்.

கம்மல் மூன்று வாரம் தாண்டினால் கஷாயத்தை நிறுத்திவிட்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். ராத்திரி முழுக்க நாடகம் பாடுகிறவர் என்பதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.