கர்ப்பிணிகள் ஏழாம் மாதத்துக்குப் பிறகு படுக்கையிலிருந்து எழுவது எப்படி?

வயிறு பெரிதாகப் பெரிதாக உடம்பின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. இடுப்பு மூட்டுகளின் தசைநார்களும் இளகுகின்றன. அதனால்தான் கால்களை அகட்டி, மெதுவாக நடக்கிறார்கள். இது சோம்பேறித்தனம் இல்லை என்பதை வீட்டில் இருப்பவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

மல்லாந்து படுத்தபடி விருட்டென்று எழாதீர்கள். இரண்டு முழங்கால்களையும் மடக்கி, சேர்த்து வைத்தபடியே ஒருக்களித்துப் புரளுங்கள். கால்களைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி உட்காருங்கள். தலைசுற்றல் இல்லையென்றால் மட்டும் நில்லுங்கள். பாயில் படுப்பவர்கள் புரண்டு, முட்டி போட்டு, பக்கத்தில் ஆடாத நாற்காலி ஒன்றைப் பிடித்து எழலாம். அடிவயிற்றுக்குக் கீழே எலும்பில் வலிக்கிறதா? பாவாடை, பேன்ட் எதுவானாலும் உட்கார்ந்தே போடுங்கள். ஒற்றைக் காலில் நிற்பதுதான் அந்த வலியைக் கிளப்பும்.

நடப்பதை நிறுத்த வேண்டாம். டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லாதவரை வாரம் 150 நிமிட மிதமான உடற்பயிற்சியை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். பேசிக்கொண்டே நடக்கிற வேகம் போதும்.

ரத்தக்கசிவு, நீர்க்கசிவு, நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது என்று எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.