ஒலிம்பஸ் மலையை உயரம் பார்த்துப் படிப்பது எப்படி?

கிரேக்கத்தின் ஒலிம்பஸ் 1938 முதல் தேசியப் பூங்கா. உயரமானியோடு அடிவார ஊரான லிட்டோகோரோவிலிருந்து கிளம்புங்கள். உயரம் ஏற ஏற மரம் மாறும்.

அடிவாரத்தில் பசுமைமாறாப் புதர்க்காடு. சுமார் 600 மீட்டருக்கு மேல் கருப்பு பைன், ஈரச் சரிவுகளில் பீச். 1,400ஐத் தாண்டினால் போஸ்னிய பைன். இரண்டு பைனையும் பலர் குழப்பிக்கொள்வார்கள். ஊசியிலையை விட்டுப் பட்டையைப் பாருங்கள்: கருப்பு பைனில் ஆழ்ந்த வெடிப்புகள், போஸ்னிய பைனில் பாம்புச் செதில் போன்ற சாம்பல் பட்டை. இளங்காய் கருநீலமாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

எனிப்பியாஸ் பள்ளத்தாக்கின் நிழல்பாறை இடுக்குகளில் யான்கேயாவைத் தேடுங்கள்: வெள்ளி ரோம இலை, வெளிர் ஊதாப் பூ. இந்த மலைக்கே உரிய செடி. சுருண்டு காய்ந்திருந்தாலும் செத்ததென்று எண்ணாதீர்கள், நீர் பட்டால் மீளும். பறிக்கக் கூடாது.

பாறை பெரும்பாலும் சுண்ணாம்புக்கல். விநோதம், வயதில் மூத்த பாறைகள் இதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. அரிப்பு அவற்றைத் தின்றதால், ஜன்னல் திறந்ததுபோல் அடியிலிருந்த இளைய சுண்ணாம்புக்கல் வெளியே தெரிகிறது. மழைநீர் விரிசல்களில் இறங்கிவிடுவதால் உச்சிப்பகுதியில் ஓடை கிடையாது. 1,100 மீட்டரில் உள்ள பிரியோனியாவிலேயே ஆளுக்கு 2 லிட்டர் நிரப்புங்கள்.

ஷாமுவா காட்டாடு விடியலில், மரங்கள் முடியும் இடத்துக்கு மேலே தென்படலாம். கோடைப் பிற்பகலில் இடிமழை சகஜம். 2,918 மீட்டர் உயர உச்சிச் சிகரமான மிட்டிகாஸிலிருந்து நண்பகலுக்குள் இறங்கிவிடுங்கள்.