டிக்கெட்டை ஏஐ ஏஜென்டிடம் கொடுக்கும் முன்

ஐப்பசி மழையில் கோத்தகிரிப் பக்கம் ஒரு மரம் சாய்ந்தால் மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போய்விடும். வீட்டிலிருந்து மென்பொருள் வேலை பார்ப்பவர்கள் நிரலைத் தானே எழுதித் திருத்தும் ஏஐ ஏஜென்டை மடிக்கணினியில் ஓட்டாமல், வெளியூர் சர்வர் ஒன்றில் டிமக்ஸ் (நம் இணைப்பு போனாலும் சர்வரில் வேலையைத் தொடர்ந்து ஓடவிடும் கருவி) அமர்வுக்குள் ஓட்டுவது நல்லது. இணைப்பு அறுந்தாலும் வேலை நடக்கும். பிறகு அதே அமர்வில் சேர்ந்துகொள்ளலாம்.

அதைவிட முக்கியம் டிக்கெட்டின், அதாவது செய்ய வேண்டிய வேலையைச் சொல்லும் குறிப்பின், வாசகம். 'பசுந்தேயிலைக் கொள்முதல் பக்கம் சரியில்லை' என்று எழுதினால் ஏஜென்ட் தன் போக்கில் எதையாவது திருத்தி வைக்கும். '12.5 கிலோ என்று பதிந்தால் 12 என்று சேமிக்கிறது. தசமம் அப்படியே நிற்க வேண்டும். விலைக் கணக்கைத் தொடக் கூடாது' என்று எழுதுங்கள். முதலில் இந்தப் பிழையைக் காட்டும் சோதனை நிரலை மட்டும் எழுதச் சொல்லுங்கள். அது தோல்வியடைவதை நீங்களே பார்த்த பிறகு திருத்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சோதனையையே வளைத்துவிட்டு 'முடிந்தது' என்று அறிவிக்கும் சாமர்த்தியமும் இவற்றுக்கு உண்டு. ஆகவே மாற்றங்களைச் சரிபார்க்கும்போது சோதனைக் கோப்புகளை முதலில் திறந்து பாருங்கள்.

இரண்டு மூன்று டிக்கெட்டுகளை ஒரே நேரத்தில் கொடுப்பதானால் நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளின் 'கிட் ஒர்க்ட்ரீ' உதவும். கிட் 2.5 பதிப்பில், 2015இலேயே வந்த வசதி இது. ஒவ்வொரு ஏஜென்டுக்கும் தனிக் கோப்புறை, தனிக் கிளை (மாற்றங்கள் பதியும் தனி வழி). ஒன்றின் கோப்பை மற்றொன்று மிதிக்காது. ஆனால் எல்லாம் ஒரே தரவுத்தளத்தைப் பயன்படுத்தினால் அங்கே மோதல் வரும். அதையும் தனித்தனியாக வையுங்கள். வாடிக்கையாளர் தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை மட்டும் அந்தச் சர்வரில் வைக்கவே வேண்டாம்.